சங்கிலியம்மாளுக்கு எத்தனை ஜி

"அண்ணே, அம்மா மொகத்த ஒரே ஒரு தடவ காட்டிருங்கண்ணே. ஒங்ககிட்ட வேற ஒண்ணும் கேக்கல."

நவாஸ் சவூதியில் உள்ள தம்மாமிலிருந்து பேசினான். காலை ஏழே முக்கால் மணி. அவன் அம்மா மதீனா அன்று விடிகாலைத் தொழுகைக்கு முகம், கை, கால் கழுவப் போனவர் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்தார்; பிறகு எழுந்திருக்கவில்லை. ஐம்பத்து மூன்று வயதுதான். டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வந்த வேகத்திலேயே போய்விட்டார்.

நவாஸ் போய் மூன்று வருஷம் ஆகிறது. அவன் பாஸ்போர்ட் கம்பெனிக்காரன் பெட்டியில் இருந்தது. அன்றைக்கே அதைக் கையில் கொடுத்து விமானத்தில் ஏற்றிவிட்டாலும், மதுரையில் இறங்கி உத்தமபாளையம் வந்து சேர மறுநாள் ஆகிவிடும். அவன் அப்பா, அவர்கள் பேச்சில் அத்தா, உமர் பாருக்கோ லுஹர் தொழுகைக்கு மய்யித்தை எடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார். அவர்கள் வழக்கத்தில் இறந்தவரைக் காக்க வைக்க மாட்டார்கள். அதாவது மதியம் ஒரு மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

"காட்டுறேன்டா. நீ கம்ப்யூட்டர் முன்னாடி போயி ஒக்காரு. எந்திரிக்காத" என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேனோ!

நான் அழகர். பஜாரில் 'அழகர் கம்ப்யூட்டர்ஸ்' என்று போர்டு தொங்குகிற கடை என்னுடையது. உமர் பாய் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான். ஊரில் பட்டன் வைத்த பொருள் எது நின்றாலும் என்னைக் கூப்பிடுவார்கள். டிவி ரிமோட்டைக் கொண்டுவந்து நீட்டுகிறவர்கள்கூட உண்டு. எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். ஆனாலும் செய்து கொடுத்துவிடுவேன். என் பிழைப்பு அப்படி.

செல்போனில் போட்டோ எடுத்து அனுப்பினால் என்ன என்றுதான் முதலில் கேட்டேன். உமர் பாய் தலையை ஆட்டிவிட்டார்.

"போட்டோ வேணாம் தம்பி. அது நின்னுரும். நாளைக்கு யாரு கையிலயாவது போகும். அவ உசிரோட இருக்கும்போதே படத்துக்கு நிக்க மாட்டா. பாத்தான், கண்ணு நெறஞ்சுச்சு, போயிருச்சுன்னு இருக்கணும். நேரா காட்டுறதுன்னா காட்டு."

அவர் சொன்னது நியாயம். நேரடியாகக் காட்ட வேண்டுமென்றால் வீடியோ. வீடியோ என்றால் இன்டர்நெட். அந்த வீட்டில் லேண்ட்லைன் இல்லை. எல்லார் கையிலும் செல் வந்த பிறகு அதை எழுதிக்கொடுத்து எடுத்துவிட்டார்கள். செல்போன் நெட்டோ, 2010-ல் எங்கள் ஊரில் அது நகர்ந்த லட்சணத்துக்கு, ஒரு முகம் வந்து சேர்வதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். என் வீட்டில் நெட் கிடையாது, கடையில்தான் இருந்தது. ஆனால் கடை ஒரு கிலோமீட்டர் தள்ளி, வயரில் கட்டிப்போட்டது. மிச்சம் இருந்தது ஒரே வழிதான். பக்கத்தில் யார் வீட்டு வைஃபையாவது சுவர் தாண்டி வருகிறதா என்று தேடிப் பிடிக்க வேண்டும்.

எட்டேகாலுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். முற்றத்தில் பிளாஸ்டிக் சேர் போட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள் அறையில் பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். வாசலில் திரைச்சீலை. அதற்கு அந்தப் பக்கம் மதீனாம்மா. நான் உள்ளே போக முடியாது. இறந்துபோன பெண்ணின் முகத்தை அன்னிய ஆண் பார்க்கக் கூடாது என்பது அவர்கள் முறை. பன்னிரண்டு வருஷமாக அந்த மதில் வழியாக எனக்குச் சோறும் குழம்பும் நீட்டிய முகம். என் அம்மா போன பிறகு நான் சாப்பிட்டேனா இல்லையா என்று கேட்ட ஒரே முகம். நானும் அன்றைக்கு அன்னியன்தான். லேப்டாப்பைத் திறந்து அதில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

வைஃபை தேடுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒவ்வொரு வைஃபை பெட்டியும் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று தன் பெயரை ஓயாமல் கூவிக்கொண்டே இருக்கும். லேப்டாப் காதைத் தீட்டிக்கொண்டு, கேட்ட பெயரையெல்லாம் பட்டியல் போடும். சத்தம் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்று பக்கத்தில் பச்சைக் கோடுகள் வரும். எனக்கு அந்தக் கோடுகள் போதாது. எண்ணாகக் காட்டுகிற ஒரு இலவச மென்பொருள் வைத்திருந்தேன். மைனஸ் ஐம்பது என்றால் பக்கத்து அறை. மைனஸ் தொண்ணூறு என்றால் கிட்டத்தட்ட கைவிட வேண்டியதுதான்.

மார்க்கையன்கோட்டையிலிருந்து வந்திருந்த உறவுக்காரப் பெரியவர் ஒருவர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"மைனஸ் எம்பத்தஞ்சா? மைனஸ்னா இல்லேன்னுதானே தம்பி அர்த்தம்?"

"இருக்குங்கய்யா. கொஞ்சமா இருக்கு."

"அப்பறம் என்னத்துக்கு மைனஸ் போட்டுருக்கான்?"

இழவு வீட்டில் ஒரு மனிதரைத் திட்டக் கூடாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நாலு பெயர்கள் வந்தன. இரண்டு, நான் ஒரு அடி நகர்ந்தாலே காணாமல் போகிறவை. மூன்றாவது, லீவுக்கு மூடிக் கிடக்கிற டுட்டோரியல் ஆபீஸ். நாலாவது, தெருக்கோடியில் இருக்கும் திராட்சை வியாபாரி சுந்தரலிங்கத்தின் வீடு. நாலிலும் பூட்டுப் படம் இருந்தது.

அந்தப் பூட்டுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாலும் நான் போட்டவை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், வடக்கே எங்கோ பூட்டாமல் விட்ட வைஃபையைத் தெருவில் நின்று பிடித்து எவனோ மிரட்டல் மெயில் அனுப்பிவிட்டானென்றும், போலீஸ் வீட்டுக்காரரை வந்து குடைந்ததென்றும் பேப்பரில் படித்தேன். அவ்வளவுதான், என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தேன். பூட்டில்லாத பெயர் எது திரையில் வருகிறதோ, எண் எந்தப் பக்கம் குறைகிறதோ, அந்தப் பக்கமாகவே போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். "ஒங்க வீடு தொறந்து கெடக்கு" என்பேன். வாசல் கதவைத் திரும்பிப் பார்ப்பார்கள். உட்கார வைத்து, விளக்கி, பூட்டுப் போட்டுக் கொடுத்தேன். பாஸ்வேர்டை மட்டும் அவர்களையே அடிக்கச் சொன்னேன். "யாருகிட்டயும் சொல்லாதீங்க. என்கிட்டகூடச் சொல்லாதீங்க. நான் திரும்பிக்கிறேன்" என்று ஒவ்வொரு வீட்டிலும் சுவரைப் பார்த்து நின்றேன். அவ்வளவு நேர்மை! அந்த நேர்மையைச் செருப்பால் அடிக்க வேண்டும் போல இருந்தது அன்றைக்கு.

சுந்தரலிங்கத்துக்குப் போன் அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. வீட்டுக்கு ஓடினேன். கேட்டில் பூட்டு. எல்லோரும் கடமலைக்குண்டுக்குக் காதுகுத்துக்குப் போயிருக்கிறார்கள் என்று எதிர்வீட்டு அம்மா சொன்னார். திரும்பி வந்து மறுபடி அடித்தேன். பத்துத் தடவை அடித்திருப்பேன். அங்கே மேளம் முழங்கிக்கொண்டிருக்கும். சட்டைப் பையில் இருக்கிற போன் யாருக்குக் கேட்கும்?

சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. பூட்டுத் திறந்தால் பெண்கள் லேப்டாப்பை உள்ளே கொண்டுபோய் உடனே காட்டத் தயாராக இருக்க வேண்டுமே. உள் அறைச் சுவர் இரண்டடி தடிமன். அங்கே போனால் சுந்தரலிங்கத்தின் பெயரும் செத்துவிடும். யுஎஸ்பி வைஃபை குச்சி ஒன்றை நீள வயரில் மாட்டி ஹால் ஜன்னலில் வைத்தேன். மைனஸ் எண்பத்தொன்று. போதாது. நவாஸின் தங்கச்சி அப்ரினைத் திரைக்கு வெளியே கூப்பிட்டு, "இருப்புச்சட்டி ஒண்ணு குடும்மா" என்றேன். அழுது வீங்கிய கண்ணோடு என்னைப் பார்த்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள். பக்கத்து வீடுகளிலிருந்துதான் சாப்பாடு வரும். ஒன்றும் கேட்காமல் கொண்டுவந்து கொடுத்தாள். சட்டியின் குழிவு தெருக்கோடியைப் பார்க்கிற மாதிரி ஜன்னலில் சாய்த்து, அதன் நடுவில் குச்சியைக் கட்டினேன். சட்டியை அரை இஞ்ச் அரை இஞ்சாகத் திருப்பித் திருப்பி எண்ணைப் பார்த்தேன். எழுபத்தெட்டு. எழுபத்து மூன்று. அறுபத்தெட்டு.

"கூடுது தம்பி, கூடுது!" என்றார் மார்க்கையன்கோட்டைப் பெரியவர். எண் குறையக் குறைய நல்லது என்று அதற்குள் கற்றுக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்குக் கரண்ட் போனது. தினமும் போகிற மணிதான். மின்விசிறி நின்றதும் ஓதுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. திரையில் ஒவ்வொரு பெயராக அணைந்தது. நாலு மூன்றாகி, மூன்று ஒன்றாகிவிட்டது. இன்வெர்ட்டர் வைத்திருந்த சுந்தரலிங்கம் மட்டும் பிழைத்தார். என் லேப்டாப் பேட்டரி மூன்று மணி நேரம் தாங்கும் என்று காட்டியது. ஒரு மணிக்கு ஜனாஸாத் தொழுகை. கணக்குச் சரியாக இருந்தது.

நவாஸ் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அப்ரின் போனுக்கு மிஸ்டு கால் கொடுத்தான். அவள் திரைச்சீலையை லேசாக விலக்கி என்னைப் பார்ப்பாள். நான் இல்லை என்று தலையாட்டுவேன். அவள் உள்ளே போய்விடுவாள்.

பதினொன்றரைக்குச் சுந்தரலிங்கம் எடுத்தார்.

"என்னா அழகரு, இத்தன தடவ அடிச்சுருக்க? பாக்கி கேக்குற கறிக்கடைக்காரன் மாதிரி!"

விஷயத்தைச் சொன்னேன். மனிதர் பதறிவிட்டார். "அய்யய்யோ, மதீனாவா? எங்க வீட்டுக்காரி முந்தாநேத்துதானய்யா பேசிக்கிட்டிருந்தா... நீ எடுத்துக்கய்யா, எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்க. இதையெல்லாம் கேக்கணுமா?"

"பாஸ்வேர்டு சொல்லுங்கண்ணே."

"எங்க ஆத்தா பேருதான். சங்கிலியம்மாள்."

முதல் எழுத்துக்கே விரல் நின்றது. "இங்கிலீசுல எப்பிடிண்ணே போட்டீக?"

"அதான் சொல்றனே, சங்கிலியம்மாள்."

"எழுத்துண்ணே, எழுத்து! எஸ்ஸா, சி எச்சா? நடுவுல ஜியா, கேயா?"

"அதெல்லாம் எனக்கு என்னய்யா தெரியும்? திரிஷாதான் அடிச்சுச்சு. இடம் விடாம, எல்லாம் சின்ன எழுத்துன்னு சொன்னா, அது மட்டும் ஞாபகம் இருக்கு."

திரிஷா அவருடைய மகள், காலேஜில் படிக்கிறவள். "புள்ளகிட்ட குடுங்கண்ணே" என்றேன்.

"அது இங்கன இல்லையேய்யா. பொம்பளைகளெல்லாம் வருசநாட்டு மலையடிவாரக் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போயிட்டாக. அங்கன டவரே எடுக்காதே."

"ஆள் அனுப்புங்கண்ணே."

"பைக்குல அனுப்புறேன். போயிட்டு வர ஒண்ணர மணி நேரம் ஆகுமேய்யா."

சங்கிலியம்மாள். தமிழில் எழுதினால் ஒரே ஒரு விதம். அதை இங்கிலீஷில் எழுதச் சொன்னால் இந்த மாவட்டத்தில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவான். ரேஷன் கார்டில் ஒன்று, வாக்காளர் அட்டையில் ஒன்று, பட்டாவில் இன்னொன்று. எங்கள் வீட்டிலேயே என்னை ஒரு காகிதத்தில் அழகர் என்றும் இன்னொன்றில் அலகர் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். சுந்தரலிங்கம் வீட்டு கேட்டுக்குப் பக்கத்தில் அந்த அம்மாள் பெயரைப் பளிங்குக்கல்லில் வெட்டியிருந்தது ஞாபகம் வந்தது. இருந்த இடத்திலிருந்து ஓடினேன். 'சங்கிலியம்மாள் இல்லம்.' அழகான தமிழ். ஒரு இங்கிலீஷ் எழுத்து கிடையாது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தமிழ் போர்டைப் பார்த்துக் கோபப்பட்டேன்.

திரும்பி வந்து ஒரு தாளில் கோடு போட்டேன். முதலில் எஸ் அல்லது சி எச். நடுவில் ஜி அல்லது கே. ஒய் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கடைசி 'மா'வுக்கு ஒரு ஏ அல்லது இரண்டு ஏ. முடிவில் ஒரு எல் அல்லது இரண்டு எல். மொத்தம் முப்பத்திரண்டு விதம். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அடிக்கச் சொல்லிக் கேட்கும் அந்தப் பாழாய்ப்போன பெட்டி. அப்புறம் வட்டம் சுற்றும். ஒரு நிமிஷம் சுற்றிவிட்டு, இல்லை என்று சொல்லும். முப்பத்திரண்டுக்கு முக்கால் மணி நேரம். பதினொன்று ஐம்பதுக்கு ஆரம்பித்தேன். இந்த முப்பத்திரண்டில் ஒன்று இருந்தே ஆக வேண்டும், எங்கே போய்விடும் என்று உறுதியாக நம்பினேன்.

முதல் விதம். வட்டம் சுற்றியது. இல்லை. இரண்டாவது. இல்லை.

உமர் பாய் முற்றத்திலிருந்து எழுந்து வந்தார். "வந்துருச்சா தம்பி?"

"இந்தா, வந்துரும் பாய்."

அவர் திரும்பப் போய் அதே சேரில் உட்கார்ந்தார். பள்ளிவாசலிலிருந்து, உடலைத் தூக்கிப் போகிற சந்தூக்கு வந்து இறங்கியது. குளிப்பாட்ட வந்த பெண்கள் உள்ளே போனார்கள். எட்டாவது விதம் அடித்துக்கொண்டிருக்கும்போது, உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. எழுத்துத் தப்பியது. மறுபடி முதலிலிருந்து அடித்தேன்.

நவாஸே எனக்குப் போன் செய்தான்.

"என்னண்ணே ஆச்சு?"

"பூட்டுடா. தொறந்துக்கிட்டிருக்கேன்."

"ரூம்ல ஆறு பேருண்ணே. ஒருத்தனும் டூட்டிக்குப் போகல. எல்லாரும் என்கூடதான் ஒக்காந்துருக்கானுக." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். "மூணு மாசமா அம்மா சொல்லிக்கிட்டே இருந்தாக. அழகரு அவன் பொட்டில உன் மொகத்தக் காட்டுவானாம், அவன் வேல முடியட்டும்னு காத்துக்கிட்டிருக்கேன்னு."

உண்மைதான். இரண்டு தடவை என்னிடம் கேட்டார் மதீனாம்மா. "ஏப்பா, அதுல நவாசு மொகம் அசையுமாமே, பேசுனா கேக்குமாமே?" என்றார். சீசன் முடியட்டும், ஒரு நாள் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன் என்றேன் நான். என்ன சீசன்? ரெண்டு பிரிண்டர், ஒரு மானிட்டர். மூன்று மாசத்தில் ஒரு அரைமணி நேரம் எனக்குக் கிடைக்கவில்லை. நான் ஒரு மடையன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பத்தொன்பது. இருபது. இருபத்தொன்று.

பன்னிரண்டரைக்கு அப்ரின் திரைக்கு வெளியே வந்தாள். "கபன் துணி போட்டாச்சுண்ணே. மொகம் மட்டும் தொறந்துருக்கு. எல்லாரும் பாத்துக்கிட்டிருக்காக. சீக்கிரம்ணே."

பெண்கள் வரிசையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். பிறகு உமர் பாய் போனார். மதீனாம்மாவின் தம்பி போனார். உள்ளே போய்ப் பார்க்கலாம் என்கிற உறவு உள்ள அத்தனை பேரும் போனார்கள். நான் இருபத்தெட்டில் இருந்தேன். லேப்டாப் ஒரு வயரின் முனையில், இருப்புச்சட்டி மறுமுனையில். சட்டிக்கு அலை நன்றாகவே வந்துகொண்டிருந்தது, மைனஸ் அறுபத்தெட்டு, கொஞ்சமும் அசையாமல். காற்றில் இன்டர்நெட் என் கை மேலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத் தொட முடியவில்லை.

முப்பது. முப்பத்தொன்று. முப்பத்திரண்டாவதை அடித்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டேன். எந்தச் சாமி என்று பார்க்கவில்லை. வட்டம் சுற்றியது, நின்றது. இல்லை.

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விட்டுப்போனது ஒன்றுமே இல்லை. எல்லாக் கதவையும் தட்டியாகிவிட்டது. எந்த எழுத்தை நான் நினைக்கவில்லை என்று எனக்குத் தெரியவில்லை.

உமர் பாய் வந்து என் முன்னால் நின்றார். இந்தத் தடவை வந்துருச்சா என்று கேட்கவில்லை.

"பாய், இன்னும் ஒரு பத்து நிமிசம். பைக்குல ஆள் போயிருக்காக. அந்தப் புள்ள போன் பண்ணிரும் பாய்."

"பத்து நிமிசம் ஏற்கெனவே குடுத்துட்டேன் தம்பி. பள்ளியில ஜமாஅத்து நிக்குது." என் தோளில் கையை வைத்தார். "போதும். அவளக் காக்க வைக்கக் கூடாது. நீ என்ன பண்ணுவ?"

நீ என்ன பண்ணுவ என்று அவர் சொன்னதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் உள்ளே போனார். முகத்துத் துணியை மூடிக் கட்டினார்கள் போலிருக்கிறது. பெண்களின் அழுகை ஒரேயடியாக எழும்பியது. பிறகு சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேலே பச்சைத் துணி போர்த்தியிருந்தது. நான் எழுந்து சுவரோடு ஒதுங்கி நின்றேன். வாசலைத் தாண்டியதும் தோள்கள் மாறின. தெருவில் இறங்கி மேற்கே திரும்பினார்கள்.

அப்போது என் போன் அடித்தது. திரிஷா.

"அண்ணே, இப்பத்தான் டவர் கெடச்சுச்சு. அப்பா சொன்னாக. எழுதிக்கங்க. எஸ், ஏ, என்..."

"ஜியா, கேயா?"

"ஜிதான். ரெண்டு ஜி."

"ரெண்டு ஜியா?"

"ஆமாண்ணே. நியூமராலஜி பாத்தப்ப அப்பத்தா பேருக்குக் கூட்டுத்தொகை சரியா வரலன்னு ஒரு ஜி சேக்கச் சொன்னாக. எஸ், ஏ, என், ஜி, ஜி, ஐ, எல், ஐ..."

முப்பத்திரண்டு விதம் யோசித்த எனக்கு இது ஒன்று தோன்றவில்லை. செத்து இருபது வருஷமான ஒரு அம்மாளுக்கு அதிர்ஷ்டம் வர வேண்டுமென்று ஒரு ஜி. அந்த நியூமராலஜிக்காரன் என் கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேனோ! அடித்தேன். இரண்டாவது தடவை அடித்தேன். வட்டம் சுற்றியது. பச்சையானது.

ஸ்கைப் திறந்ததும் நவாஸ் இருந்தான். காலை எட்டிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருந்தவன். பின்னால் இரும்புக் கட்டில்கள், அதில் நாலைந்து பையன்கள்.

"அண்ணே! தெரியுதுண்ணே! ஒங்க மொகம் தெரியுது!" ஒரு விநாடி அவன் முகத்தில் சந்தோஷம். அதற்கப்புறம், "அம்மா எங்கண்ணே?"

குச்சியைப் பிடுங்கி லேப்டாப்பிலேயே நேராகச் செருகிக்கொண்டு தெருவில் ஓடினேன். சுந்தரலிங்கம் வீடு மேற்குக் கோடியில்தானே இருக்கிறது, சந்தூக்கும் அந்தப் பக்கம்தானே போகிறது. நடுத்தெருவில் படம் உறைந்தது, பிறகு அசைந்தது. ஓட ஓடக் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறின. சந்தூக்கை எட்டியபோது ஐந்து கோடும் நிறைந்திருந்தது. அவ்வளவு தெளிவான படத்தை அந்த லேப்டாப்பில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. திரையை முன்பக்கம் திருப்பிப் பிடித்தேன்.

"நவாசு, இந்தாடா. அம்மா."

"மூடியாச்சாண்ணே?"

"மூடியாச்சுடா. என்னால முடியலடா. மன்னிச்சுருடா."

கலிமா சொல்லுகிற சத்தம் இந்தப் பக்கம் கூட்டத்திலிருந்தும், அந்தப் பக்கம் அவன் அறையிலிருந்தும் கொஞ்சம் முன்னே பின்னே கேட்டது. தெருமுனை வருவதற்கு இருபது அடிதான் மிச்சம். அதைத் தாண்டினால் சுந்தரலிங்கத்தின் அலை கிடையாது.

"முன்னாடி யாருண்ணே தூக்குறாக?"

"அத்தாவும் ஒங்க மாமாவும்."

"பின்னாடி?"

"ஒரு பக்கம் ஒங்க பெரியத்தா மகன். இன்னொரு பக்கம் மார்க்கையன்கோட்டைக்காரரு ஒருத்தரு. வயசானவரு."

"அது என் எடம்ணே."

திரையைத் திருப்பி அவனைப் பார்த்தேன். கையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தான்.

"மூடிட்டு நீங்க போயித் தோள் குடுங்கண்ணே."

"மூடுனா போயிரும்டா. இன்னும் கொஞ்ச தூரம் இருக்கு, பாருடா."

"பாத்தது போதும்ணே. மூடுங்க. போங்கண்ணே, போங்க!"

மூடினேன். நின்றுகொண்டிருந்த எவன் பைக் மேலேயோ லேப்டாப்பை வைத்துவிட்டு ஓடினேன். பெரியவரின் தோளுக்குப் பக்கத்தில் சந்தூக்குக்கு என் தோளைக் கொடுத்தேன். அவர் விலகிக்கொண்டார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மதீனாம்மா கனமே இல்லை. நாலு எட்டுக்கு ஒரு தடவை தோள் மாற்றுவதுதான் அங்கே வழக்கம். பின்னால் வந்தவர்கள் விடச் சொல்லி இரண்டு மூன்று தடவை என் முதுகைத் தட்டினார்கள். பள்ளிவாசல் வரைக்கும் நான் விடவில்லை.